பினாங்குக்கு ஒரு தொண்டர்

கடல் கடந்து போய் ஏழைகளின் பசியைத் தீர்ப்பது என்று நான் முடிவெடுத்த அன்று காலையில், ஆண்டாள் முந்தின நாள் இட்லியை உதிர்த்து உப்புமா செய்து வைத்திருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்குப் பழசு ஆகாது. முப்பத்தோரு வருஷமாக இந்த வீட்டில் புதுசை நான் சாப்பிடுவேன், பழசை அவள் சாப்பிடுவாள். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாக அமைந்த ஏற்பாடு.

முடிவுக்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஓர் அறிவிப்பு. மலேசியாவில் பினாங்கு. அங்கே தமிழர்கள் நடத்தும் ஒரு தொண்டு அமைப்பு. சந்தையில் விற்காமல் தேங்கும் காய்கறி, ரொட்டிக் கடையில் மிஞ்சும் ரொட்டி, ஓட்டலில் மிஞ்சும் சாப்பாடு, எல்லாவற்றையும் கெடுவதற்குள் வாங்கிக் கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு மாதம். தங்க இடம் அவர்கள் தருவார்கள். விமான டிக்கெட் நம் பொறுப்பு. அறுபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அறுபத்தொன்று. கரும்பு ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் ஆண்டாளின் வேலைக்கு இடைஞ்சலாக இருந்து வருகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழைகளின் பசி என் நெஞ்சைத் தொட்டது நிஜம். ஆனால் அதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு வெங்கடேசன் தொட்டுவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் நாலு நாள் சிங்கப்பூர் போனவர். ஆள் வந்துவிட்டார், பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு குப்பைக் காகிதம் பறந்தால் போதும், “சிங்கப்பூர்ல...” என்று ஆரம்பித்துவிடுவார். அவர் கிளம்பிப் போன அதே வாரம் வீம்புக்கு எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்தேன். இரண்டும் பீரோவைத் தாண்டியதில்லை.

“இன்னாங்க, உப்புமா அப்பிடியே இருக்குது?”

“ஆண்டாளு, நான் வெளிநாடு போறேன்.”

“உப்புமாவுக்கு பயந்துக்கினா?”

“இல்ல. சேவைக்கு.”

“சேவை இன்னா, இடியாப்பமே பிழிஞ்சித் தரேன். அதுக்கு எதுக்குங்க வெளிநாடு?”

அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

“மிச்சமான சோத்த காப்பாத்தி இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். அவ்ளோதான?”

“அதேதான்.”

“இங்க குடுக்கக் கூடாதா?”

“இங்க குடுத்தா உதவி. அங்க போய்க் குடுத்தாதான் சேவை.”

“சரிங்க. மொதல்ல தட்டுல இருக்கறத காப்பாத்துங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அறிவிப்பில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. முன் அனுபவம் வேண்டும். சான்றாகப் பத்துப் படம் அனுப்ப வேண்டும். அனுபவம் என்னிடம் இல்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதை நாலு பேருக்குக் கொடுத்துப் படம் எடுக்கலாமே. இரண்டு முகூர்த்தம், ஐந்து சட்டை, பத்துப் படம். கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. படம் எடுக்க வெங்கடேசனைப் பிடித்தேன். சிங்கப்பூரில் எடுத்த அதே போனில் எடுப்பதாகச் சொன்னார். பாத்திரம் தூக்கத்தான் ஆள் இல்லை.

“நீயும் வாயேன் ஆண்டாளு. புண்ணியம்” என்றேன்.

“சரி” என்றாள். ஒரு வாதம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் முகூர்த்தம் சங்கராபுரம் சாலையில் ஒரு மண்டபம். கடைசிப் பந்தி முடிந்ததும் சமையல் கட்டுக்குள் போனோம். நான் முதல் சட்டையில் இருந்தேன். ஆண்டாள் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

“தேங்கா போட்ட கூட்டு வேணாங்க, நிக்காது. காரக்கொழம்பு ஊத்துங்க. சோத்துல ஒண்ணும் கலக்காதீங்க, மோரு தனியா இருக்கட்டும்” என்று சமையல்காரரிடம் சொன்னாள். பிறகு நேராகப் பெண்ணின் அம்மாவிடம் போய் இருபது தாம்பூலப் பை கேட்டு வாங்கி வந்தாள்.

“சோறு குடுக்கறதே பெருசு. அவங்களுக்குத் தேங்கா, வெத்தல வேறயா?”

“நீங்க படத்துக்கு நில்லுங்க.”

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுக்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த இருபது பேர் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஆட்டோவில் போய் இறங்கினோம். நான் வாளியை எடுத்துக்கொண்டு, முகத்தை வெங்கடேசன் போன் பக்கம் திருப்பி, “மண்டபத்துல மிச்சமானது. எல்லாரும் வந்து வாங்கிக்குங்க” என்றேன்.

ஒருவரும் வரவில்லை. தைலம்மாள் என்று ஒரு பெண், அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர், வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நாங்க ஆக்கிட்டோங்க. எடுத்துக்கினு போங்க” என்றார்.

அவருக்குப் பின்னால் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

ஆண்டாள் என் கையிலிருந்து வாளியை வாங்கினாள். கீழே பாயை விரித்து வரிசையாக வாழையிலை போட்டாள்.

“அக்கா, பொண்ணு வூட்டுல உங்களையும்தான் கூப்புட்டாங்க. வெட்ட வுட்டுட்டு மண்டபத்துக்கு எப்பிடி வருவீங்க? அதான் கடைசிப் பந்திய இங்க வச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. எனக்கும் பசி. மொத எலை எனக்கு” என்று உட்கார்ந்துவிட்டாள்.

தைலம்மாள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். சிரித்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அப்புறம் மற்ற இலைகளும் நிறைந்தன. நாலு வாய் சாப்பிட்டதும் ஆண்டாள் எழுந்து கரண்டியைப் பிடித்தாள், கடைசி ஆள் போதும் என்கிற வரைக்கும் வைக்கவில்லை. கிளம்பும்போது கல்யாண வீட்டில் தருவது போலவே ஆளுக்கொரு மஞ்சள் பை. தைலம்மாள் கொட்டகைக்குள் போய் ஒரு துணி முடிப்பில் சாமை கொண்டு வந்து ஆண்டாள் கையில் வைத்தார்.

“மொய் வைக்காம எப்பிடிங்க போறது?” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது. இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் வெங்கடேசன் அடுத்த சட்டையை மாட்டச் சொன்னார்.

அடுத்த முகூர்த்தமும் அதே கதைதான். பத்துப் படமும் பினாங்கு போய்ச் சேர்ந்தன. நான் பெட்டி வாங்கினேன். சக்கரம் வைத்த நீலப் பெட்டி. அதை வெங்கடேசன் வீட்டு வாசல் வழியாக இரண்டு முறை உருட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை வீடியோவில் நேர்காணல். அந்தப் பக்கம் சந்தியா என்ற பெண். நல்ல தமிழ்.

“ஐயா, எல்லாப் படத்துலயும் நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. ஆனா கரண்டி மட்டும் வேற கையில இருக்கு. பச்சை வளையல். யாரு அது?”

“அது... நம்ம உதவியாளர்ம்மா.”

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

“சரி. கூட்டு, காரக்குழம்பு. எது முதல்ல கெடும்?”

“லேட்டா எடுத்துட்டுப் போறது எதுவோ, அதும்மா.”

“வாங்கறவங்களுக்குக் கூச்சமா இருக்குமே. நீங்க என்ன செய்வீங்க?”

“கூச்சப்படாதீங்கன்னு சொல்லிடுவேன்.”

பினாங்கு இணைப்பு போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

“கடைசிப் படத்துல எல்லார் கையிலயும் ஒரு மஞ்சள் பை இருக்கே, அது என்னங்க ஐயா?”

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். ஆண்டாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அது தாம்பூலம்மா. கையில தூக்கிக் குடுத்தா மிச்சம். எலை போட்டு, கூட உக்காந்து சாப்புட்டு, பை குடுத்து அனுப்பினா கல்யாணச் சாப்பாடு. சோறு ஒண்ணுதான்.”

அப்புறம் இருபது நிமிஷம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். புளித்த மாவு, வாடின கீரை, பழைய இட்லி என்று முப்பத்தோரு வருஷத்தையும் சொல்லி முடித்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது.

“அம்மா, இடம் ஒருத்தருக்குத்தான் இருக்கு. உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?” என்று சந்தியா கேட்டார்.

“அவரு அப்பவே எடுத்து வச்சிருக்காருங்க” என்றாள் ஆண்டாள்.

நேராக வெங்கடேசனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பத்துப் படத்தில் ஒன்றில்கூட அந்தக் கையை விடாமலா எடுப்பது?

“நான் இன்னா பண்றது சேகரு? அவரு மூஞ்சி பாதி வெட்டுனாலும் பரவால்ல, என் கை வுழாம ஒரு படமும் எடுக்காதீங்கண்ணேன்னு ஆண்டாளம்மா மொத நாளே சொல்லிச்சே” என்றார்.

இப்போது நீலப் பெட்டி பினாங்கில் இருக்கிறது. ஆண்டாளும் அங்கேதான். சந்தைக்காரர்கள் எல்லோரும் அவளை அக்கா என்கிறார்களாம். இங்கே நேற்றைய இட்லியை இன்று நானேதான் உதிர்க்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள்.

“சாப்ட்டீங்களா?”

“ஆச்சி.”

“ஃபோன கொஞ்சம் கீழ எறக்குங்க. தட்டு தெரியல.”