மூன்றை ஒன்றாக்கிய டேப்

"மார்லிஸ், டேப்! வெள்ளை டேப்!" என்று ஏணி உச்சியிலிருந்து கத்தினார் வெய்ன் கிவெலா. மினசோட்டாவின் வடகோடியில், பனிக்கு நடுவே இருக்கும் சின்னக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு இயக்குநர் அவர். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மார்லிஸ் அவருடைய உதவியாளர்.

"சார், இந்த வயசுல இது தேவையா?"

"என் வேலையே தொங்குதும்மா. நீ டேப்பைக் குடு."

வாலிபால் அரங்கின் சுவரில் 'பிரிவு III' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அந்தக் கல்லூரியில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி மட்டும் நாட்டிலேயே உச்சமான முதல் பிரிவு; விளையாட்டுக்கு உதவித்தொகையும் அதற்கு மட்டும்தான். மற்ற அணிகள் அநேகமாக எல்லாமே கடைசியான மூன்றாம் பிரிவு. முகமூடியும் கவசமுமாக, பறந்து வந்த ரப்பர் வட்டுகளையெல்லாம் தடுத்துத் தள்ளிய கோல்கீப்பர் டேரனின் வீடியோவைப் பார்த்து ஹாக்கி பயிற்சியாளர் சொக்கிப்போயிருந்தார். இவனை விட்டால் நீயும் கிளம்பு என்று கல்லூரித் தலைவர் வெய்னிடம் சொல்லிவிட்டார். டேரனின் அப்பா நார்பர்ட், மூன்றாம் பிரிவு வாடை அடிக்கும் இடத்தில் மகனைச் சேர்க்க மாட்டாராம்.

இரண்டு கோடுகள் டேப்புக்குள் மறைந்தன. மூன்று ஒன்றானது.

நார்பர்ட் மகனோடும் மகள் ஜோலீனோடும் வந்தார். சுவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அட, வாலிபாலும் முதல் பிரிவா? அப்ப என் பொண்ணுக்கும் உதவித்தொகை உண்டுல்ல?"

வெய்ன் ஏணியை மறுபடி இழுத்து வைத்தார். "அது... மூணாவதுதான் சார்." தானே ஏறி டேப்பை உரித்தார்.

"ஃபுட்பால்?"

"மூணு."

"துப்பாக்கி சுடுறது?"

"அதுக்குப் பிரிவே இல்ல சார். நாடு முழுக்க எல்லாருக்கும் ஒரே போட்டி."

"என்னய்யா காலேஜ் இது! ஆளுக்கொரு வகுப்புல உக்காந்திருக்கீங்க?"

"ஹாக்கி முதல் பிரிவு சார், சத்தியமா! அங்க டேப்பே ஒட்டல!"

நார்பர்ட் முறைத்தார், யோசித்தார், கடைசியில் ஒப்பந்தத்தை வாங்கி மகனிடம் நீட்டினார். வெய்னுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டேரன் தரையையே பார்த்துக்கொண்டு பேனாவைத் திறந்தான்.

"பொண்ணுங்க ஹாக்கி?" என்றாள் ஜோலீன், முதல்முறையாக வாய் திறந்து.

"மூணுதாம்மா. உதவித்தொகை கிடையாது."

அவள் அண்ணன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

"போதும்ப்பா. சார், அந்த வீடியோல முகமூடிக்குள்ள இருந்தது நான். இவன் ஐஸ்ல கால் வச்சாலே விழுந்துடுவான்!"