பத்துப் புகார் வேண்டும்

"பத்துப் புகார் வேணும்யா. வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றார் முதலாளி ரங்கசாமி, பத்துக் கிலோ வெங்காயம் கேட்பதுபோல.

சாணார்பட்டி சாலையில் இருக்கும் அந்த நூல் மில்லில் ஆண்டனிராஜ் பர்சனல் ஆபீசர். பதினாலு வருடமாகப் புகார் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"புகாரா சார்?"

"காலையில அந்த ஆடிட்டர் பொண்ணு ஹரிணி சொன்னதக் கேக்கலையா? மூணு வருசமா புகார் நோட்டு வெள்ளையாக் கெடந்தா, சனங்க பயந்து கெடக்காகன்னு அர்த்தமாம். வெள்ளிக்கிழமை திரும்ப வாராளாம். அவ கையெழுத்துப் போட்டாத்தான் வெளிநாட்டுக்காரன் நூல் வாங்குவான். போடலைன்னா, மொதல்ல வீட்டுக்குப் போறது நீதான்."

முதலாளியின் தலைக்கு மேலே 'இது மில் அல்ல, குடும்பம்' என்று பலகை தொங்கியது. குடும்பம் என்பதால் அங்கே சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆண்டனிராஜ் நூலைக் கோன்களில் சுற்றும் வைண்டிங் பகுதிக்குப் போனார். பழனியம்மாள் அங்கே பதினோரு வருடமாக மெஷின் ஓட்டுகிறாள். பக்கத்து மெஷினில் யோகேஷ். போன வருடம் வந்தவன். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

"அக்கா, ஏதாச்சும் ஒரு குறை எழுதிக் குடுங்க."

"குறையா? ஒண்ணும் இல்லையே சார்."

"சும்மா ஒண்ணு."

"நாலு வருசம் முன்னாடி ஜோதிமணியும் சும்மாதான் ஒண்ணு எழுதுனா. இப்ப பேகம்பூர்ல பூக்கட்டுறா."

மறுநாள், புகார் எழுதினால் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் என்று ஆண்டனிராஜ் அறிவித்தார். சாயங்காலத்துக்குள் பதினேழு சீட்டுகள் வந்தன. ஆவலோடு முதல் சீட்டைப் பிரித்தார். 'எங்கள் மில்லில் குறை இல்லை என்பதே எங்கள் குறை.' இன்னொருத்தி, 'முதலாளி ஓய்வே எடுப்பதில்லை, பார்க்க மனசு கேட்கவில்லை' என்று எழுதியிருந்தாள். மற்றவையும் இந்த ரகம்தான். ஓய்வுச் சீட்டை மட்டும் ரங்கசாமி ஃப்ரேம் போடச் சொன்னார். டம்ளர்கள் பதினேழும் போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை ஆண்டனிராஜ் தாமே உட்கார்ந்து எழுதினார். இடது கையால் ஐந்து, வலது கையால் ஐந்து.

ரங்கசாமி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"'டீ தண்ணியா இருக்கு.' ஏன்யா, டீ காண்ட்ராக்ட் யாரு? என் மச்சினன். அடிச்சிரு. 'கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல.' நான் ரிப்பன் வெட்டித் திறந்த கக்கூஸ்யா அது! 'சூப்பர்வைசர் மதன்குமார் மரியாதை இல்லாமப் பேசுறார்.' அவன் என் கண்ணு மாதிரி. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே காரியத்த முடிக்கிறவன்."

ஒன்பது புகார்கள் செத்தன. மின்விசிறிச் சத்தம் மட்டும் பிழைத்தது.

"இதுக்கா அந்தப் பொண்ணு மசியும்? பத்து வேணாம். கனமா ஒண்ணு போதும். ஆம்பளைக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்கு ஒரு சம்பளம்னு எழுது. சரிபண்ணியாச்சுன்னு பக்கத்துலயே நாமளே எழுதிக்குவோம்."

"யாரு பேருல சார்?"

"வாயில்லாத ஆளாப் பாரு."

பழனியம்மாளின் கை நூலை விட்டு விலகவில்லை.

"என் பேரு வேணாம் சார். மக நர்சிங் ரெண்டாம் வருசம். இந்த வேலை போச்சுன்னா அவ படிப்பும் போச்சு."

"எல்லாம் பேப்பர்லதான்க்கா. ஆடிட்டர் கேட்டா, 'சம்பளத்த ஏத்திக் குடுத்துட்டாக'ன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"மெய்யாலுமா?"

"அந்தோணியார் மேல சத்தியமா."

அங்கேயே நின்று எழுதி, படித்தும் காட்டினார். 'அதே மெஷின். அதே ஷிஃப்ட். நான் தொழில் கற்றுக்கொடுத்த பையனுக்கு நாள் சம்பளம் ஐந்நூற்று நாற்பது. எனக்கு முந்நூற்றுத் தொண்ணூறு.'

பழனியம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

ஆண்டனிராஜ் பேனாவை நீட்டினார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"காலையில நீங்களே புகார்ப் பெட்டியில போட்டுருங்கக்கா. கேமராவுல விழட்டும். அசலா இருக்கும்."

தம்முடைய மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு வியாழக்கிழமை விடிந்ததும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். 'புகார் உங்கள் உரிமை' என்று ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். கடைக்காரர் முதலாளி படத்தைப் பெரிதாகவும் உரிமையைச் சின்னதாகவும் போட்டுவைத்தார். அதைச் சரிசெய்யவே பொழுது சாய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பழனியம்மாளின் சீட்டு அவர் மேசைமேல் இருந்தது. கீழே, பெட்டிச் சாவி வைத்திருக்கும் மதன்குமாரின் சுருக்கொப்பம். சீட்டை நோட்டில் ஒட்டி, எதிரே 'அன்றே சம்பளம் சமமாக்கப்பட்டது' என்று எழுதி முடிக்கவும் ஹரிணியின் கார் வரவும் சரியாக இருந்தது.

ஹரிணி சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"இது உண்மையா எழுதினதுதான். ஆனா நேத்துக் குடுத்த புகாருக்கு நேத்தே தீர்வா?"

"குடும்பம்மா இது," என்றார் ரங்கசாமி. "வீட்டுப் பிள்ளை அழுதா நாளைக்குப் பாப்போம்னு இருப்பமா?"

"அந்தம்மா கூடப் பேசணுமே."

ஆண்டனிராஜ் வைண்டிங்குக்கு ஓடினார். மெஷின் நின்றிருந்தது. "அக்கா இன்னிக்கு வரலையே சார்," என்றான் யோகேஷ், தலையை நிமிர்த்தாமலே.

"பஸ் லேட்டா இருக்கும் மேடம்," என்று மூச்சு வாங்கத் திரும்பினார்.

"அப்ப நான் கேட்டுலயே நிக்கிறேன்," என்று ஹரிணி நடந்தாள். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் சுருளிவேல் விறைத்துச் சல்யூட் அடித்தார். யார் கேட்டாலும் மில்லைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று திங்கட்கிழமையே அவருக்குப் பாடம் நடந்திருந்தது.

"அண்ணே, பழனியம்மாள்னு ஒருத்தங்க. நேத்துப் புகார் குடுத்தவங்க. அவங்க புகாரை அன்னிக்கே தீர்த்துட்டதாச் சொல்றாங்க. நெசமா?"

சுருளிவேல் முதலாளியை ஒரு முறை பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"நெசந்தான் மேடம். மத்த மில்லு மாதிரி இங்க சுணக்கமே கெடையாது. எட்டு மணிக்கு அந்தம்மா சீட்டுப் போட்டுச்சு, பத்து மணிக்கு சூப்பர்வைசர் பெட்டியத் தொறந்தாரு, பதினோரு மணிக்குக் கணக்க முடிச்சு, சோத்து டப்பாவக் கையில குடுத்து, நான்தேன் கேட்டுக்கு வெளிய விட்டேன்."