துணை இயக்குநரும் ஆர்க்கிட் மீட்புப் பணியும்

மருந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றியவர்கள் உண்டு. விரதம் இருந்து காப்பாற்றியவர்களும் உண்டு. கூட்டம் போட்டே ஓர் உயிரைக் காப்பாற்றியவர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவர் நம் துணை இயக்குநர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். அலுவலகம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றதே தவிர, அவர் எதிலிருந்தும் ஓய்வு பெறவில்லை.

பிரிவுபசார விழாவில் ஊழியர்கள் அவருக்கு ஓர் ஆர்க்கிட் தொட்டியைப் பரிசளித்தார்கள். வெள்ளைப் பூ, தடித்த இலை, மண்ணுக்குப் பதில் மரப்பட்டைத் துண்டுகள். வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே பூவெல்லாம் கொட்டி, இலை தொங்கிவிட்டது. அவர் பொறுப்பில் இருந்தவரை எதுவும் செத்ததில்லை. கோப்புகள் தூங்கியதுண்டு, அது வேறு. நாளைக்கு ஊழியர் எவராவது வந்து, நாங்கள் கொடுத்த செடி எங்கே ஐயா என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அன்று மாலையே 'ஆர்க்கிட் மீட்புக் குழு' அமைந்தது. தலைவர், அவர். உறுப்பினர், அவர் மனைவி. செயலாளர், நீர் ஊற்றுநர், தேநீர் வழங்குநர் ஆகிய கூடுதல் பொறுப்புகளும் உறுப்பினருக்கே பெருந்தன்மையுடன் வழங்கப்பட்டன. சாப்பாட்டு மேசையில் மாலைதோறும் ஆய்வுக் கூட்டம் நடந்தது.

தினமும் தண்ணீர் விடுவதென்று முதல் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அம்மையார் காலையில் ஊற்றினார். அவர் சரியாக ஊற்றினாரா என்ற சந்தேகத்தில் தலைவரும் போய் ஊற்றினார். இதற்கு நிர்வாகத்தில் 'தொடர் நடவடிக்கை' என்று பெயர். தொடர்ந்ததில் வேர் அழுகி, இலை மஞ்சள் பூத்தது. உடனே விசாரணை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் விசாரணை அதிகாரி. ஆகவே குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“நீங்களும்தானே ஊத்தினீங்க?” என்றார் அம்மையார்.

“நான் ஊத்தலை. சரிபார்த்தேன்.”

நீர்ப் பொறுப்பு அம்மையாரிடமிருந்து பறிக்கப்பட்டது. தேநீர்ப் பொறுப்பு நீடித்தது.

இதற்குப் பிறகு துணை இயக்குநர் களத்தில் இறங்கிய அழகை என்னவென்று சொல்வது! பொழுது விடிந்தால் செடி, பொழுது சாய்ந்தால் செடி. நாற்றுக்கடைக்காரரைப் பிடித்து உலுக்கி விவரம் கேட்டு வந்தார். அழுகிய வேர்களை வெட்டினார், மரப்பட்டையை மாற்றினார். வேர் வெளுத்திருந்தால் மட்டுமே தண்ணீர், பச்சையாக இருந்தால் கூடாது என்ற கொள்கை முடிவை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் வடிகட்டும் இயந்திரத்துத் தண்ணீர்தான் செடிக்கு உகந்தது. அந்த இயந்திரமோ கிழடு, சொட்டுச் சொட்டாகத்தான் தரும். ஆகவே அதில் முதல் உரிமை ஆர்க்கிட்டுக்கு. மனிதர்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு என்ன வேரா அழுகப்போகிறது?

அடுத்து வெளிச்சம். வீட்டிலேயே படுக்கையறை ஜன்னல்தான் நல்ல ஜன்னல், எனவே செடி அங்கே குடியேறியது. மின்விசிறிக் காற்று பட்டால் இலை காயும் என்பதால் விசிறி நிறுத்தப்பட்டது. விசிறி இல்லாமல் அம்மையாருக்குத் தூக்கம் வராது. இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்த தலைவர், 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' மனைவியைப் பின்கட்டு அறைக்கு இடமாற்றம் செய்தார். பழைய பெட்டிகள் அடுக்கிய அறை. அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். விசிறி மாட்டக் கொக்கி உண்டு, விசிறி இல்லை.

“செடிக்குக் காத்து ஆகாது, சரி. எனக்குமா ஆகாது?” என்று அம்மையார் கேட்டார்.

அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றும், கடைசியில் 'இதர' என்ற தலைப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் தலைவர் கனிவோடு விளக்கினார். கூட்டம் ஒருநாளும் 'இதர' வரைக்கும் போனதில்லை.

அந்த அறையில்தான் அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. வாந்தி வேறு. எழுந்து அடுப்படிவரை நடக்க முடியவில்லை, தலை சுற்றியது. அன்றைய கூட்டத்துக்கு அவர் வராததைத் தலைவர் 'முன்னறிவிப்பற்ற விடுப்பு' என்று கருதினாலும் பெரிதுபடுத்தவில்லை. பெரிய மனசு. மறுநாள் தலைவர், வடிகட்டிய தண்ணீர்ப் பாட்டிலோடு பின்கட்டைக் கடந்து போனார்.

“என்னங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க,” என்றார் மனைவி.

“இது செடிக்கு எடுத்தது. உனக்கு வேற கொண்டு வர்றேன், இரு.”

கொண்டு வரத்தான் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஜன்னலோரம் போய்ப் பார்த்தால், வெளுத்த வேர் ஒன்றின் நுனியில் பச்சையாக ஒரு புது முளை! யாருக்குத்தான் வேறு எதுவும் ஞாபகம் இருக்கும்? கைபேசியில் படம் பிடித்துப் பழைய ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். வந்த பாராட்டுகளுக்குத் தனித்தனியாக நன்றி சொன்னார். அதற்கே பொழுது போய்விட்டது.

அடுத்த நாள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வேரின் முன்னேற்றத்தை அவர் விரிவாக எடுத்துரைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மாகிட்ட குடுங்கப்பா என்றாள். பின்கட்டுக்குப் போய்க் கைபேசியை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மனைவியின் உதடு வெடித்திருந்தது. கண் செருகியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. துணை இயக்குநர் வாழ்க்கையில் முதல்முறையாக எந்தத் தீர்மானமும் இல்லாமல் தெருவுக்கு ஓடினார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கை நரம்பைத் தேடி ஊசி குத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “உடம்புல பொட்டுத் தண்ணி இல்லை. கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?”

செடி கடைசியாக எப்போது குடித்தது, எத்தனை கரண்டி குடித்தது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். இவள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயந்தார், நிஜமாகவே பயந்தார். சாயங்காலம் அம்மையார் கண் திறந்தபோது துணை இயக்குநர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவரின் பார்வை மேலே தொங்கிய பாட்டிலில் விழுந்தது. தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக, அளவாக, வீணாகாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சொட்டுக் குழாய் கடையில் தனியாகக் கிடைக்குமா என்று அவர் நர்ஸிடம் விசாரித்தார். வீட்டில் ஒரு நோயாளிக்கு வேண்டும் என்றார்.

டாக்டரம்மாவுக்கு அது காதில் விழுந்தது. ஆனால் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே மருந்து ஏற்ற வேண்டாம், நாலு நாளில் இவர்களையே அனுப்பிவிடுகிறேன், பக்கத்தில் ஆள் இருந்து நேரத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும் என்றார்.

“வீட்டுல இவங்களை யார் பார்த்துக்கறாங்க?”

“நான்தான்,” என்றார் துணை இயக்குநர், நிமிர்ந்து நின்று.

அம்மையார் தலையணையிலிருந்து மெல்லத் தலையைத் திருப்பினார். “டாக்டரம்மா, என் கட்டிலைக் கொண்டுபோய் அந்தச் செடிக்குக் கீழ போடச் சொல்லுங்க. இவர் ஊத்தும்போது சிந்தறதாவது எனக்குக் கிடைக்கும்.”