பின்சந்து மாட்டின் ஏப்பம்

பூமி இன்று இந்த அளவுக்காவது குளுகுளுவென்று இருக்கிறதென்றால் அதற்கு எங்கள் 'கால்நடை ஏப்பக் குறைப்புப் பிரிவு'தான் காரணம். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் ஆண்டறிக்கையைப் படிக்கலாம். அதை எழுதியவன் நானே என்பதால் அதில் தவறு இருக்க வாய்ப்பில்லை.

மாடு அசைபோடும்போது விடும் ஏப்பத்தில் மீத்தேன் என்ற வாயு இருக்கிறது. அது மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறது. தீவனத்தில் சில மர இலைகளைச் சேர்த்தால் ஏப்ப வாயு குறையும். விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதானா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பதினோரு கூட்டங்கள் போட்டோம்.

முன்னோடி மாடாக, அலுவலகத்துப் பின்சந்தில் இருந்த பால்கார அக்காவின் மாட்டைத் தேர்ந்தெடுத்தோம். நடந்தே போய்விடலாம் என்பது அதற்கான 'அறிவியல் காரணம்'. எங்கள் டீக்குப் பாலும் அங்கிருந்துதான் வந்தது. அக்காவின் பிழைப்பு முழுக்க அந்த ஒற்றை மாட்டின் மடியில் இருந்தது.

மாட்டின் வாயில் முகமூடி மாட்டி, குழாயை மீட்டரில் செருகி, பயபக்தியோடு நின்றேன். முள் லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மீட்டரை இரண்டு தட்டுத் தட்டினேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"இதுக்கு என்னக்கா போடுறீங்க?"

"வைக்கோலு. அதோட இந்த மரத்து இலை." வாசலில் நின்ற மல்பெரி மரத்தைக் காட்டினார். "தெனம் ரெண்டு கூடை. அது இல்லேன்னா மகாராணி வாயே வைக்க மாட்டா."

இயக்குநரிடம் ஓடினேன். "சார், அந்த மாடு ஏற்கனவே இலைதான் தின்னுது. ஏப்பம் ரொம்பக் கம்மி."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இப்பவே கம்மின்னா நாம எதைய்யா குறைக்கிறது?"

"வேற மாடு பாக்கலாமா சார்?"

"ஃபைல்ல இதோட போட்டோவ ஒட்டியாச்சே!"

இந்த நெருக்கடியைப் பன்னிரண்டாவது கூட்டம் தீர்த்து வைத்தது. ஆறு மாதம் மாட்டுக்கு வெறும் வைக்கோல் மட்டும் போடுவது. அது வயிறாரக் கெட்டு, நன்றாக ஏப்பம் விடத் தொடங்கியதும் இலை கொடுத்துக் குறைப்பது. இதற்கு 'அடிப்படை அளவை உயர்த்துதல்' என்று பெயர் வைத்தது நான்தான்.

"இலை குடுக்கிற திட்டத்துக்கு எதுக்கு சார் இலையை நிறுத்தணும்?" என்றார் அக்கா.

"அப்பதாங்க்கா அதோட அருமை தெரியும்."

"யாருக்கு?"

"உலகத்துக்கு," என்றேன்.

உலகத்தின் மேல் அக்கறை இல்லாத அக்கா மறைவாக இலை போட்டுக்கொண்டிருந்தார். மரம் தெருவோரத்தில் நின்றதால் அது எங்கள் அதிகாரத்துக்குள் வந்தது. இரண்டு ஆட்கள், ஒரு ரம்பம், அரை மணி நேரம். விழுந்த கிளையை எட்டிப் பிடிக்க மாடு கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. நான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் அழுதால் நன்றாக இருக்காது.

ஆறாம் மாதம் முள் துள்ளிக் குதித்தது. இயக்குநர் கைதட்டினார். மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது, பால் வற்றியது. பால் இல்லாத டீ உடம்புக்கு நல்லது என்று உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது.

அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "இலை எப்ப சார் வரும்?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா. காயவெச்சு, அரைச்சு, மாத்திரையாக்கி, கப்பல்ல ஏத்தியாச்சு."

"வாசல்லயே இருந்துச்சே சார்."

"அது 'அங்கீகாரம் பெறாத' இலை."

மாத்திரை வந்து சேர்ந்தபோது கொட்டகையில் மாடு இல்லை. தீனி போட முடியாமல் அக்கா அதை விற்றுவிட்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் குறித்த நாளில் குறித்த இடத்தில் அளந்தே ஆகவேண்டும் என்பது விதி. மாடு கட்டியிருந்த வெறும் முளைக்குச்சிக்கு முன்னால் முகமூடியைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். முள் பூஜ்யத்தில் நின்றது.

நூறு சதவீதக் குறைப்பு! உலகத்தில் எந்த நாடும் எட்டாத சாதனை. எங்களுக்கு விருது கொடுத்தார்கள், விருந்தும் கொடுத்தார்கள். 'பயனாளி' என்று அட்டை குத்தி அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். விருந்து முடிந்து வெளியே வந்தபோது அவர் என் பக்கத்தில் வந்தார்.

"மொத நாள் மீட்டர்ல எவ்வளவு சார் காட்டுச்சு?"

விருது வாங்கிய பூரிப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாங்க எட்டணும்னு வெச்சிருந்த அளவைவிடக் கம்மிக்கா."

அக்கா அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். "அப்ப நீங்க வராம இருந்திருந்தாலே போதுமே சார். எதுக்கு வந்தீங்க?"

தகுந்த விளக்கம் அளிக்க வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்தது.