பூர்வீகம் அண்ணாச்சியின் ரேடியோ செட்

கல்யாண வீட்டில் தன்னை மறந்து ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை ஒரே நொடியில் சிலையாக்கிவிடக்கூடிய மனிதர் தாராவியிலிருந்து சான்பாடா வரை ஒருவர்தான் உண்டு. அவருடைய உண்மைப் பெயர் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் தெரியாது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பூர்வீகம் அண்ணாச்சி.

தொழில், ரேடியோ செட். மைக், ஸ்பீக்கர் பெட்டி, சீரியல் பல்பு எல்லாம் வாடகைக்கு விடுவதற்குத் திருநெல்வேலிப் பக்கம் அதுதான் பெயர். அண்ணாச்சியின் பெட்டிகள் அருமையான பெட்டிகள். அடித்தால் எதிர்வீட்டு அலமாரியில் டம்ளர் நடக்கும். வாடகையும் குறைவு. ஆனால் பெட்டியோடு அண்ணாச்சியும் வருவார், அதுதான் சங்கடம். பாட்டு உச்சிக்குப் போய், மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிற நேரம் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிட்டு மைக்கைப் பிடிப்பார்.

"மக்களே, ஒரு நிமிசம். இப்ப ஆடுனியளே, இந்தப் பாட்டோட பூர்வீகம் தெரியுமா?"

தூக்கிய கை தூக்கியபடி நிற்கும். அண்ணாச்சி விடமாட்டார். "இந்த டும் டும் டும் டும் இருக்கே, இது டிஸ்கோவுக்குப் பொறந்தது. டிஸ்கோ செத்துப்போச்சுன்னு அமெரிக்காக்காரன் சொன்னான். அது எங்க செத்துது? சிகாகோல ஒரு கோடவுனுக்குள்ள போயி ஒளிஞ்சிருந்து ஒரு பிள்ளையப் பெத்துது. அந்தப் பிள்ளைக்குப் பேரு ஹவுஸ்."

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் மேடையேறி வந்தே விட்டார். "வே, பூர்வீகத்த நாளைக்குச் சொல்லும்வே! இப்பப் பாட்டப் போடும்!"

"போடுதேன். அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாம ஒரு பாட்டுக்கு ஆடலாமா? அது என்ன அநாதையாவே?"

தாய்மாமன் ஒயரைப் பிடுங்கினார். அண்ணாச்சி அசரவில்லை, வெறும் தொண்டையிலேயே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஒயரைச் சொருகினார்.

கணபதி ஊர்வலத்துக்கு வாசிக்கிற மராத்திப் பையன்கள் ஒரு தடவை அவரிடம் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பேஞ்சோ என்று ஒரு வாத்தியம் வைத்திருப்பார்கள். தந்திக்கு மேலே டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் இருக்கும். "காகா, யே அப்னா பேஞ்சோ ஹை" என்று ஒருவன் அது தங்கள் வாத்தியம் எனப் பெருமையாகக் காட்ட, இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்னா நஹீ ரே, ஜப்பான் கா ஹை" என்று, அது நம்முடையது இல்லை, ஜப்பானுடையது என்றார். அன்றைக்கு அவரை மீட்டுக் கொண்டுவர நாலு பேர் போகவேண்டியிருந்தது. வரும் வழியெல்லாம், "ஜப்பான்ல இருந்து வந்தா என்னவே? இங்க வந்து வேற சத்தமால்லா மாறிட்டு! அதச் சொல்ல வாரதுக்குள்ள அடிக்கானுவோ" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

எங்கள் கல்லிச் சந்தின் ராப் பையன்கள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். பெட்டி கேட்டு வந்தால் முதலில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். "ஜமைக்கான்னு ஒரு தீவுல, நம்மள மாதிரிதாம்லே, ரேடியோ செட்காரன் பெட்டியத் தெருவுல அடுக்கி ரெக்கார்டு போடுவான். பாட்டு ஓட ஓட மைக்குல பேசுவான். அங்கருந்து ஒரு பய நியூயார்க் போயி, அதையே செஞ்சான். அதுலருந்து வந்ததுதான் இந்த ராப்பு. ஆக, ஒங்க ராப்புக்கு அப்பன் யாரு? ரேடியோ செட்காரன்!" என்று மார்பைத் தட்டிக்கொள்வார்.

"அண்ணாச்சி, ஷோ கா டைம் ஹோ கயா" என்று பையன்கள் ஷோவுக்கு நேரமாவதைச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அவர் சொன்னதை ஃபோனில் தேடிப் பார்த்தும் சிரிப்பார்கள். பாதி நிஜமாக இருக்கும், பாதி அவர் சொந்தச் சரக்கு. குத்துப்பாட்டின் அடியைத் தாராவித் தையல் மிஷினிலிருந்துதான் எடுத்தார்கள் என்று சத்தியம் செய்த மனிதர் அவர்.

ஆனால் ஒன்றில் மட்டும் விளையாட்டே கிடையாது. அமெரிக்காவில் பருத்திக்காட்டு அடிமைகளின் வழியில் வந்த ப்ளூஸ் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொள்வார். "ஏத்தி வந்த கப்பல்ல பேரப் பிடுங்குனான், ஊரப் பிடுங்குனான், சாமியப் பிடுங்குனான். பாட்டப் பிடுங்க முடியல பாத்தியா? அது கோயில்ல போயி ஒரு பிள்ளை பெத்துது, சாராயக்கடையில போயி ஒரு பிள்ளை பெத்துது. ராக்குங்கான், ஜாஸுங்கான், எல்லாத்துக்கும் ஆத்தா அந்த அழுகைதான்" என்பார். அந்த நேரம் யாரும் அவரைக் கிண்டல் செய்ய மாட்டோம். ஏன் என்று எங்களுக்கே தெரியாது.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, எந்த ஊர்? இரண்டாவது, சாஸ்தா எது? குலதெய்வமாக ஒரு சாஸ்தா எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. பங்குனி உத்திரம் வந்தால் அவரவர் சாஸ்தா கோயிலில் போய்ப் பொங்கலிட வேண்டும். ஒரே சாஸ்தா என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அந்தச் சமயம் தாராவியில் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள். அண்ணாச்சி மட்டும் எந்த வருஷமும் போனதில்லை. "புக்கிங் இருக்குவே" என்பார். ஊரே காலியாகக் கிடக்கிறபோது எவன் ரேடியோ செட் புக் பண்ணினான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எந்த ஊர் என்று கேட்டால், "ஊரு கெடக்கட்டும், அங்கன ஒரு பாட்டு ஓடுதே, கேட்டீரா?" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் தப்பித்தால் போதும் என்று ஓடிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், பவித்ரா. தாய் இல்லாத பெண். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கேயே வேலை பார்த்த நம்ம பக்கத்துப் பையன் ஒருவனும் அவளும் மனசு ஒத்துப் போனார்கள். பையனின் அப்பாவுக்குச் சான்பாடாவில் மளிகைக்கடை. கறாரான மனிதர், ஆனாலும் பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பவித்ரா தரையில் கால் பாவாமல் நடந்தாள். அண்ணாச்சிக்கோ சோறு இறங்கவில்லை. முதல்நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு அவுக சாஸ்தா எதுன்னு கேப்பாவ. நான் என்ன சொல்ல?"

"இது என்ன கேள்வி? ஒம்ம சாஸ்தாவச் சொல்லும்."

"எனக்குத் தெரியாது."

அப்பா சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி சொன்னார்: நடை பழகின வயதில் தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கிடந்த பிள்ளையாம் அவர். தோல் கோடவுனில் வேலை பார்த்த நெல்லைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டு வளர்த்தார்கள். பேச்சு அவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர்களும் ஒவ்வொருவராக ஊரோடு போய்விட்டார்கள். கல்யாணமும் ஓடிப்போய்ச் செய்த கல்யாணம். சாஸ்தா எது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அப்பா அவர் தோளைத் தட்டினார். "அட, இதுக்கா இந்த மூஞ்சி? எங்க சாஸ்தாவச் சொல்லும். மேலக்கரை சாஸ்தா. பையனோட அப்பன் நாங்குநேரிக்காரன், நம்ம கோயிலு அவனுக்குத் தெரியவா போவுது?"

"பொய்லா அண்ணாச்சி?"

"சாஸ்தா கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

அதன்பிறகு அண்ணாச்சி கேட்ட கேள்விகள்! சாஸ்தா எந்தத் திசை பார்த்து இருக்கார்? பக்கத்தில் என்ன மரம்? பொங்கலுக்கு அரிசி யார் கொண்டுவர வேண்டும்? பொய்க்கு இவ்வளவு விவரம் எதற்கு என்று அப்பாவே களைத்துப்போனார். போகும்போது வாசலில் நின்று, "மேலக்கரை சாஸ்தா" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் பெண் பார்க்கும் சடங்கு எங்கள் வீட்டில்தான் நடந்தது. அவருடைய ஒற்றை அறைக் கோலிக்குள் ஸ்பீக்கர் பெட்டி போக நிற்கக்கூட இடமில்லை. கேசரி வந்தது, காப்பி வந்தது, பவித்ரா வந்து வணங்கினாள். கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் திருப்தி. ஒங்க சாஸ்தா எது?"

"மேலக்கரை சாஸ்தா" என்றார் அண்ணாச்சி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல.

கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "என்ன சொன்னீரு? மேலக்கரையா? எங்களுக்கும் அதாம்வே! நாங்குநேரிக்குப் பொழைக்க வந்தவங்க நாங்க, பூர்வீகம் அங்கனதான். கடையப் போட்டதுலருந்து கோயிலுக்குப் போயி வருசக்கணக்காச்சு. அட, பங்காளியாவே நீரு!" என்று அண்ணாச்சியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். அண்ணாச்சி பதறி விலகுவார் என்று நினைத்தேன். அவர் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த மனிதரின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, அப்படியே நின்றார். பங்காளி என்று அவரை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கடைக்காரரின் மனைவிதான் முதலில் விழித்துக்கொண்டார். "ஐயோ, என்னங்க! பங்காளின்னா பிள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சில்லா?"

கடைக்காரரின் கை தளர்ந்தது. பையன் முகம் வெளிறிவிட்டது. பவித்ரா அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணாச்சி மகளைப் பார்த்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"நான் ஒங்க பங்காளி இல்ல அண்ணாச்சி. சொன்னது பொய்யி. எனக்குச் சாஸ்தாவும் கெடையாது, ஊரும் கெடையாது. தாதர் ஸ்டேஷன்ல கெடந்தவன்."

முந்தின நாள்தான் ஒரு குலம் கிடைத்தது. இருபத்துநாலு மணி நேரம்கூட அதை வைத்துக்கொள்ள முடியவில்லை அந்த மனிதருக்கு.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அண்ணாச்சி மைக் பிடித்ததைக் கடைக்காரரும் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. "ஊருல உள்ள பாட்டுக்கெல்லாம் அப்பன் ஆத்தாவத் தேடிக்கிட்டு அலைஞ்சீரே, எதுக்குவே?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பாட்டுக்குத் தேடுனா கெடைக்குது அண்ணாச்சி."

கடைக்காரரின் மனைவிதான் எழுந்து, பவித்ராவின் தலையில் பூவை வைத்தார். "கெட்டிட்டு வந்தா எங்க சாஸ்தாதான அவளுக்கு. அப்பனுக்கு இல்லாட்டா என்ன? வாங்க, நாள் பாப்போம்" என்றார். கடைக்காரர் முணுமுணுத்தார், ஆனால் உட்கார்ந்தார். அப்பா இன்னொரு தட்டு கேசரியை அவர் முன்னால் தள்ளினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பேரனும் பிறந்தான். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு மேலக்கரையில் அவனுக்கு மொட்டை. அண்ணாச்சியும் ரயிலேறி வந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர் என்கிற முறையில்தான், பங்காளியாக அல்ல. பொங்கல் பானைகளுக்கு அப்பால், கோயில் படியை மிதிக்கலாமா வேண்டாமா என்பதுபோல ஓரமாக நின்றார்.

நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தாய்மாமன் யாரு? மடியில வைங்க" என்றார். மாமன் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை அடிக்க வேண்டும். பவித்ராவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. தாயும் வீட்டை விட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டவள், அங்கிருந்தும் யாரும் வரமாட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் போய் மணையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

கோயில் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "ஏலே, எந்திரி! நீ பங்காளிப் பயலுல்லா? பிள்ளைக்குச் சித்தப்பன் முறை. நீ எப்பிடி மாமன் மணையில உக்காருவ? யாரு மவம்லே நீ?"

நான் அண்ணாச்சியைக் கைகாட்டினேன். "இவரு மவன்."

பெரியவர் திரும்பி, பக்கத்தில் நின்ற என் அப்பாவைப் பார்த்தார். பொங்கலிட வருஷம் தவறாமல் வருகிற மனிதர், பெரியவருக்கு நன்றாகத் தெரிந்தவர்.

அப்பா சாஸ்தா சந்நிதியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆமாவே. அவரு மவன்தான்."