இருபத்தேழாம் நம்பர் சீலும் ஒரு சந்தனப் பொட்டும்

மல்வேர்ன், ஸ்காபரோ.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய இராசமணி அக்கா அவர்களுக்கு, கனடாவிலிருந்து தம்பி இரத்தினவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் ஜெயமலரும் மகள் மிதுஷாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் சுகமா என்பதைக் கீழே வாசித்து நீங்களே முடிவு செய்யவும். உங்கள் முழங்காலும் பசுமாடும் தேறிவருவதாக அறிந்து மிக்க மகிழ்ச்சி. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். உங்களுக்கு இடது காது கேளாது, வலதும் இப்போது மந்தம், ஃபோனில் நான் கத்த வேண்டும். நான் இங்கே கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரதீபா வீட்டுக்குக் கேட்கும். பிரதீபாவுக்குக் கேட்டால் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வரைக்கும் கேட்ட மாதிரி. இது அப்படிக் கேட்கக்கூடிய விஷயம் இல்லை. ஆகவே கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கவும்.

அஜக்ஸில் உள்ள கொம்பனியில் நான் பதினான்கு வருடமாக வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். உள்ளங்கை அளவில் ஒரு உருக்கு வளையம். அதை அளந்து, கீறல் பார்த்து, சரியென்றால் என் சீல் முத்திரையைக் குத்த வேண்டும். என் சீல் இருபத்தேழாம் நம்பர். அந்தச் சீல் விழாமல் ஒரு வளையமும் கதவு தாண்டாது. இது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிற வளையம் என்று நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். உங்களுக்கு மட்டுமா, ரொறொன்ரோவில் எந்தக் கல்யாண வீட்டில் எந்த மேசையில் இருந்தாலும் சொல்லியிருக்கிறேன். தலைப்பக்கம் உயர்கிற, கால்பக்கம் பதிகிற கட்டில். நாரிப்பிடிப்பு, முதுகுவலிக்காரர் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். ஜெயமலர் இரண்டு பேருக்குக் கட்டில் எடுத்துத் தருவதாக வாக்கே கொடுத்துவிட்டாள். நீங்களும், "என்ர தம்பியின்ர கட்டிலில படுக்கிற சனம் எல்லாம் சுகமா எழும்ப வேணும்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அர்ச்சனை செய்விக்கிறீர்கள்.

அக்கா, அந்த அர்ச்சனையை உடனே நிறுத்தவும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். போன வருடம் நவராத்திரி முடிகிற நாள் எனக்குப் பகல் ஷிப்ற். வேலை செய்கிற சாமானுக்குப் பூசை வைக்காமல் அன்றைக்குக் கை வைக்க எனக்கு மனம் வராது. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். கற்பூரம் கொண்டுபோகவில்லை, கூரையில் நெருப்பு மணி இருக்கிறது, எனக்கும் அறிவு இருக்கிறது. அளவுகோலுக்கு ஒரு பொட்டு, சீலுக்கு ஒரு பொட்டு, மேசைக்கு ஒரு பொட்டு. கடைசியில், அனுப்புவதற்குத் திறந்திருந்த பெட்டியில் மேலே கிடந்த வளையத்தைப் பார்த்தேன். பாவம், ஏதோ ஒரு நோயாளியின் தலைமாட்டுக்குப் போகப்போகிறது, அவருக்கும் நல்லது நடக்கட்டும் என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் கஸ்பர் மன்னார்ப் பெடியன், பார்த்துக்கொண்டுதான் நின்றான். "அண்ணை, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், நான் ஒண்டையும் காணேல்லை" என்று போய்விட்டான். பிறகு துடைக்கலாம் என்றிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் பெட்டி ஒட்டியாயிற்று, லொறியும் போயிற்று.

தை மாதம் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. கோட்டுப் போட்ட இரண்டு பேரும் ஒட்டாவாவிலிருந்து ஒரு அம்மாவும் கூடவே வந்தார்கள். அந்த ஒரு வளையத்தை மட்டும் பிளாஸ்ரிக் பையில் போட்டு, கையுறை போட்டுக்கொண்டு தூக்கி வைத்தார்கள். 'இனங்காணப்படாத மஞ்சள் நிறத் தாவரப் பொருள்' என்று மூன்று ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். யாரோ நாசவேலை செய்திருக்கலாம் என்றும் ஒரு வரி இருந்ததாம். இருபத்தேழாம் நம்பர் சீல் யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். உண்மையைச் சொன்னேன், சந்தனம் என்றேன். ஏன் வைத்தாய் என்றார்கள். "படுத்திருக்கிறவைக்கு நல்லது நடக்க வேணுமெண்டு" என்றேன்.

அந்த அம்மா நல்ல மனுஷி. ஒரு படத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தா. ஒரு விமானத்துச் செட்டை, செட்டைக்குக் கீழே ஒரு கொளுக்கி, கொளுக்கிக்குள்ளே என் வளையம். அந்த வளையம் பிடித்துக்கொண்டிருக்கும், விமானி பொத்தானை அமத்தினால் விட்டுவிடும். எதை விடும் என்று நான் கேட்கவில்லை, அதுவும் படத்தில் இருந்தது, நீளமாக, மூக்குக் கூராக. நான் அந்தப் படத்தை மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். பிறகு கேட்டேன், "இதிலே கட்டில் எங்கே?"

சத்தியமாகக் கேட்டேன் அக்கா. அவர்கள் சிரிக்கவில்லை. கஸ்பர்தான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து தண்ணி தந்தான். "அண்ணை, உங்களுக்குத் தெரியாதே? எங்கள் எல்லாருக்கும் தெரியுமே" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்குச் சேர வந்த நாள் வரவேற்பறைச் சுவரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் படம் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன். முந்தி கட்டில் செய்தார்களாம். விட்டு இருபது வருடமாம். படத்தைக் கழற்ற ஒருவருக்கும் நேரம் வரவில்லையாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஜெயமலர் சோற்றுப் பானையை இறக்காமல் அப்படியே நின்றாள். "இனி நான் என்னெண்டு கோயிலுக்குப் போறது? கட்டில் வருமெண்டு பிரதீபாவின்ர மாமி பழசை வித்துப்போட்டு நிலத்தில படுக்கிறா!" என்றாள். மிதுஷா இருக்கிறாளே, அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, சீரியஸ்லி? ஃபோர்ட்டீன் இயர்ஸ். நீங்க ஒருக்கா கூட கூகிள் பண்ணேல்லையா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சம்பளம் தருகிறவனைக் கூகிள் பண்ணுகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனித்தான் பெரிய கதை. ஒரு நட்பு நாடு இந்த வளையத்தில் இன்னும் பல ஆயிரம் கேட்டிருக்கிறதாம். எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கு வந்த கடதாசியில் அந்தப் பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்து விட்டிருக்கிறார்கள். 'நட்பு' என்ற சொல்லை அடிக்கவில்லை. அதை விற்கலாமா கூடாதா என்று பார்க்க ஒட்டாவாவில் ஒரு மேற்பார்வைக் குழு. அந்தக் குழு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது. அரசாங்கம் மேற்பார்வை செய்கிறது என்று கேட்டதும் எனக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கிற்று. இது கனடா, அக்கா. இங்கே வீட்டுக்குப் பின்னால் நாலு படி வைத்து ஒரு மரத் தளம் அடிக்க நான் அனுமதி எடுத்தபோது மூன்று தரம் ஆள் வந்து அளந்தது. ஒரு படி அரை அங்குலம் உயரம் என்று கழற்றிப் பூட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடக் கலைவிழாவில் ஜெயமலர் பொரித்த றோல் விற்றபோது ஒருத்தர் வந்து றோலுக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்தார். றோலுக்கே இவ்வளவு என்றால் குண்டுக்கு எவ்வளவு பார்ப்பார்கள் என்று நம்பித்தான் போனேன்.

மிதுஷா கார் ஓட்டினாள், நான் ஜெயமலரின் தமையன் மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, விபூதியைக் கொஞ்சம் மெல்லிசாகப் பூசிக்கொண்டு போனேன். பெரிய மண்டபம், ஒன்பது பேர், ஆளுக்கொரு மைக். விண்ணப்பம் அறுபத்திரண்டு பக்கம், எனக்கும் ஒரு பிரதி தந்தார்கள். முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். அவ்வளவும் சந்தனத்தைப் பற்றி. அது எந்த மரம்? எந்த நாட்டிலிருந்து வந்தது? இறக்குமதிக்குக் கடதாசி இருக்கிறதா? நெருப்புப் பிடிக்குமா? உருக்கை அரிக்குமா? குங்குமத்தில் ஈயம் உண்டா? பொட்டு வைக்க உமக்கு அதிகாரம் தந்தது யார்? நான் சரஸ்வதி என்றேன். ஒருத்தர் அதை எழுதிக்கொண்டு, அவ எந்தப் பிரிவில் வேலை செய்கிறா என்று கேட்டார்.

அவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, நான் அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் புரட்டினேன். பொதி எப்படிக் கட்டுவது என்று பதினொரு பக்கம். ஆணி, மரப்பெட்டி, ஈரம், பூஞ்சணம் எல்லாம் இருக்கு. இது ஆர் தலையில் விழும் எண்டதுக்கு ஒரு பக்கம் தேடினன். ஒரு பக்கம் இல்லை அக்கா, ஒரு சின்னப் பெட்டி. 'வாங்குவது நட்பு நாடா?' எண்டு ஒரு கேள்வி. 'ஓம்' எண்டதில் சரி போட்டிருக்கு. 'ஓம் என்றால் பதினெட்டாம் பக்கத்துக்குப் போகவும்.' பதினெட்டாம் பக்கத்தில் திரும்பவும் மரப்பெட்டி!

மைக்கைப் பிடிச்சு, "ஐயாமாரே, அம்மாமாரே, எனக்கு ஒரு கேள்வி இருக்கு" எண்டன். "என்ர அக்காவுக்கு ஒரு காது கேக்காது. தொண்ணூறாம் ஆண்டு ஒரு விடியக்காலமை, பிளேன் வந்து போட்டதில அவவின்ர காதும் போச்சு, கிணத்தடியில நிண்ட அத்தானும் போனார். அந்தக் குண்டையும் ஆரோ ஒருத்தன் ஒரு வளையத்தில கொளுவித்தான் கொண்டு வந்திருப்பான். அந்த வளையத்திலயும் ஆரோ ஒருத்தன் சீல் குத்தியிருப்பான். அவனும் சாப்பாட்டு மணிக்கு எழும்பிப் போயிருப்பான். இப்ப நான் குத்தினது ஆற்ற கிணத்தடிக்குப் போகுது எண்டு இதில எந்தப் பக்கத்தில இருக்கு?" எண்டு கேட்டன்.

தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம், ஆனால் நீங்கள் கேட்டது இந்தக் குழுவின் வேலைக்குள் வராது எண்டார். அது எந்தக் குழுவின் வேலை எண்டன். பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுத்துவிட்டு, அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை எண்டார். பிறகு தேத்தண்ணி தந்தார்கள்.

ஆனாலும் அக்கா, ஒரு நல்லது நடந்திருக்கு. சந்தன விவகாரம் தீரும் வரைக்கும் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு. பெட்டிகள் எங்கள் கிடங்கில் சீல் விழாமல் கிடக்குது. அறுபத்திரண்டு பக்கத்தால் ஏலாததை ஒரு பொட்டு செய்திருக்கு. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா எண்டு எனக்கே விளங்கவில்லை. பதினான்கு வருடத்தில் எத்தனை வளையம் போயிருக்கும் எண்டு இரவிரவாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உங்களுக்கு முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. தெரியாமல் செய்தது பிழையில்லை எண்டு ஜெயமலர் சொல்கிறாள். தெரிந்துகொள்ளப் பார்க்காதது பிழைதானே. அதுக்கு நீங்கள் என்னை ஏசி ஒரு கடிதம் போட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நான் முடிவெடுத்துவிட்டேன். வேலையை விடுகிறேன் எண்டு மிதுஷாவைக் கொண்டு நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதி வாங்கி, கையெழுத்தும் வைத்தாயிற்று. நாளைக் காலை கஸ்பரின் கையில் அதையும் சீலையும் கொடுத்துவிட்டு வெளியே வருவேன். என் கையால் இனி இருபத்தேழாம் நம்பர் ஒரு வளையத்திலும் விழாது. இது அத்தான் மேல் சத்தியம்.

ஜெயமலரும் மிதுஷாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். குளிருக்குப் போர்த்துக்கொள்ளுங்கள் எண்டு எழுதப் பார்த்தேன், அங்கே வெயில் அல்லவா, ஆகவே வெயிலில் திரியாதீர்கள். குலதெய்வம் உங்களை நூறு வயது வரை ஏசுகிற தென்போடு வைத்திருக்க வேண்டும் எண்டு வேண்டி, உங்கள் கையை என் தலையில் வைத்ததாக நினைத்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
என்றும் உங்கள் தம்பி
இரத்தினவேல்

பி.கு.: இது திங்கட்கிழமை பின்னேரம் எழுதுவது. காலையில் போனேன் அக்கா. கதவடியிலேயே கஸ்பர் ஓடி வந்தான். "அண்ணை, நல்ல காலம் வந்தியள்! ஒட்டாவா ஓம் எண்டிட்டுது. வெள்ளிக்கிழமை பின்னேரமே கடிதம் வந்திட்டுதாம். ஒரே ஒரு நிபந்தனைதான், பொட்டு வைக்கக் கூடாதாம். லொறி நிக்குது, கெதியா வாங்கோ, இதை முடிச்சுப்போட்டுக் கதைப்பம்" என்றான். நான் வந்த விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். சரி, கஸ்பர் ஓய்ந்து நிற்கும் வரைக்கும் ஒன்றை மட்டும் அளந்து பார்ப்போம் என்று மேசையில் இருந்தேன். அளவு நல்ல சரியாக இருந்தது. கை தன்ரபாட்டில் அளந்தது, தன்ரபாட்டில் குத்தியது. நாற்பத்திரண்டு பெட்டி. சாப்பாட்டு மணி அடித்து, கை துடைக்கத் துவாயை எடுக்கப் பைக்குள் கையை விட்டபோதுதான் என் ராஜினாமாக் கடிதம் தட்டுப்பட்டது. பெட்டிகள் போய்விட்டன. ஊரில் யாராவது கேட்டால், பி.கு.வுக்கு மேலே உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டவும்.