முதலிடம் பிடித்த பதினோராவது பாகம்

தோற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவுக்குப் பால் வடியும் மங்கு துடைத்தேன். லாரியில் கெலிண்டானாகப் போனேன் (ஓட்டுநருக்கு எடுபிடி என்று அர்த்தம்). இன்றைக்குப் பன்னிரண்டு லாரி என் பெயரில் ஓடுகிறது. (பதிமூன்றாவதும் இருக்கிறது. ஓடவில்லை.) அப்படிப்பட்ட நான் ஈப்போவில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்க மூன்றே நிமிடத்தில் மண்ணைக் கவ்வினேன். யாரும் தள்ளிவிடவில்லை. நானே அடம்பிடித்து, நானே பெரிய திரையில் போடச் சொல்லி, நானே விழுந்தேன்.

விஷயம் ஒரு டிவி தொடர். பேராக் தோட்டங்களின் வரலாறு, மொத்தம் பத்துப் பாகம், ஞாயிறு மதியம் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். முடிந்ததும் எங்கள் சங்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. எல்லோரும் கூடி பத்துப் பாகங்களையும் தரவரிசைப்படுத்துவது, முதலிடம் பெறுவதை ஆண்டு விழாவில் திரையிடுவது.

யோசனை என் சம்பந்தியுடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் மகள் கவிதாவை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். தங்கமான மனிதர், ஆனால் நான் ஐந்து வார்த்தை பேசினால் இரண்டைத் திருத்துவார். தொடரின் நான்காம் பாகம் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பற்றியது. அதில் அவர் அரை நிமிடம் வருகிறார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் அந்த அரை நிமிடத்தைப் பார்த்தாக வேண்டும். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான் வரும். அது முதலிடத்துக்கும் வந்துவிட்டால், எனக்கு ஆயுசுக்கும் தேத்தண்ணி தாமதம்தான்.

“விடமாட்டேன் பாக்கியம். அவரு பாகம் ஜெயிக்கக் கூடாது,” என்றேன் மனைவியிடம்.

“பத்துல எத்தனைய நீங்க முழுசா பார்த்தீங்க?”

நியாயமான கேள்வி. ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சிப் பெரட்டல் சாப்பிட்டவன் எத்தனை பார்ப்பான்? நாலு. மற்ற ஆறுக்கும் என் குறட்டைதான் பின்னணி இசை. ஆனால் ஒரு பாகம் மட்டும் நெஞ்சில் அப்படியே நின்றது. கறுப்பு வெள்ளையில் ஒரு தோட்டம். பால்மரம் வெட்டும் ஒரு அம்மா, மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டும். அளவெடுக்க வீட்டில் நூல்கூட இல்லை. ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் காய்ந்த பாலை, நாடாவாக உரித்துக் காலை அளக்கிறாள். ரப்பர் சும்மா இருக்குமா? இழுபடுகிறது. சப்பாத்து இரண்டு சைஸ் பெரிதாக வந்துவிடுகிறது. மகள் அழுகிறாள்.

எங்கள் அம்மாவும் எனக்கு அப்படித்தான் அளந்தார். ஆகவே அதுதான் நம்பர் ஒன். எத்தனையாவது பாகம் என்று மட்டும் தெரியவில்லை. (நம்பர் பார்ப்பது கணக்கெழுதும் கிராணி வேலை.)

மண்டபத்தில் சம்பந்தி பத்துப் பெயரையும் பலகையில் முத்து முத்தாக எழுதியிருந்தார். நான்காம் பாகத்துக்குக் கை தூக்கியவர்களை எண்ண ஆரம்பித்தபோது நான் எழுந்தேன்.

“நிறுத்துங்க சம்பந்தி! நம்பர் ஒன் அந்தச் சப்பாத்துப் பாகம்லா!”

“எந்தச் சப்பாத்து?”

“அந்த அம்மா ஒட்டுப்பால்ல கால அளப்பாங்களே, அது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (அந்தக் காலத்தில் பிரம்பு எடுக்குமுன் இதைத்தான் செய்வாராம்.) “அப்படி ஒரு பாகமே இல்ல சம்பந்தி. பத்தையும் நான் ரெண்டு தடவ பார்த்திருக்கேன்.”

“நடுவுல தூங்கிட்டீங்களோ என்னமோ!” என்றேன். (சொல்கிற வாயைப் பாருங்கள்.)

“தவுக்கே சொன்னா இருக்கும்லா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முனியாண்டி. என் மூன்றாம் நம்பர் லாரியை ஓட்டுகிறவன். தவுக்கே என்றால் அவனுக்கு முதலாளி, வேறென்ன சொல்வான்?

பக்கத்தில் கவிதா போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“கெடச்சிருச்சா? பெரிய திரையில போடு!”

“அப்பா, வேணாம்பா. இது வந்து...”

“போடுன்னா போடு!”

போட்டாள். கறுப்பு வெள்ளைத் தோட்டம். ஒட்டுப்பால். பெரிய சப்பாத்து. பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். முனியாண்டி மூக்கை உறிஞ்சினான். சம்பந்தியின் கைக்குட்டை வெளியே வந்தது. நான் ஜெயித்தவனாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது படம் வண்ணமானது. (இதை நான் பார்த்ததே இல்லை.) வளர்ந்த மகள் கிழவி அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறாள். கார் வளைந்து ஒரு பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் போய் நிற்கிறது. அந்தக் கம்பெனியின் சின்னம் திரை முழுக்க எழுந்தது. அதற்குக் கீழே, ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.’

முனியாண்டிதான் முதலில் பேசினான். “தவுக்கே, இனிமே டீசல் அங்கதான் போடணுமா?”

சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டது.

“அது விளம்பரம், சம்பந்தி,” என்றார் அவர், ஈரம் காயாத கண்ணோடு. “நடுவுல போடுவாங்களே. கடைசி வரைக்கும் பார்க்கலையா?”

“எப்படிப் பார்ப்பாரு?” பாக்கியம் எழுந்தாள். “அந்தப் புள்ள அழுதப்பவே இவரு குசினிக்கு ஓடிட்டாரு. போய்ப் பார்த்தா கண்ணெல்லாம் செவப்பு. கேட்டா, வெங்காயம் உரிச்சேன்னாரு. அன்னிக்கு வீட்ல வெங்காயமே இல்ல!”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரவில்லை.

“சரி, விளம்பரந்தான். இங்க அழுதவங்க கையத் தூக்குங்க!”

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. முன்வரிசை, பின்வரிசை, முனியாண்டி. கடைசியாக, மெதுவாக, கைக்குட்டையோடு ஒரு கை. சம்பந்தியுடையது. அவரே பலகைக்குப் போய், பத்துக்குக் கீழே ‘11. சப்பாத்து’ என்று எழுதி, பக்கத்தில் ‘முதலிடம்’ என்றும் போட்டார்.

ஆண்டு விழாவில் முதலில் பெட்ரோல் விளம்பரம் ஓடியது. அதற்குப் பிறகுதான் நான்காம் பாகம்.

அந்தத் தீபாவளிக்குச் சம்பந்தி எனக்கு ஒரு ஜோடி சப்பாத்து அனுப்பினார். நல்ல தோல். இரண்டு சைஸ் பெரிது. உள்ளே ஒரு சீட்டு: ‘ஒட்டுப்பாலில் அளந்தேன்.’ முன்னால் பேப்பரைத் திணித்துக்கொண்டு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இன்றுவரை அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் அழுவதில்லை. கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது, ஏர்போர்ட்டில் வழியனுப்பும்போது, யார் கண்ணாவது கலங்கினால் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் என் பக்கம் திரும்பி ஒன்றையே கேட்கிறார்கள்:

“வெங்காயமா?”